தொட்டியைச் சோதிக்கும் முன் பக்கெட்டைச் சோதியுங்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீடு. மகனின் ஆசைக்காகப் போன வருஷம் 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மீன் தொட்டி வாங்கினோம். ஐந்து கோல்டு ஃபிஷ், நான்கு பிளாக் மோலி. தண்ணீர் எங்கள் வீட்டு போர் தண்ணீர்தான். வாராவாரம் கால் பங்கு மாற்றுகிறோம். மகன் ஆன்லைனில் நைட்ரேட் கிட் வாங்கிப் பார்த்தான், 80 என்று காட்டியது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "மொத்தத் தண்ணியையும் மாத்திடுங்க" என்றார். அப்படியே செய்தோம். மணலையும் ஃபில்டர் ஸ்பான்ஞ்சையும் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி, புது போர் தண்ணீர் நிரப்பினோம். அன்று சாயங்காலமே கிட் மறுபடியும் 40 காட்டுகிறது! மூன்றாம் நாள் ஒரு கோல்டு ஃபிஷ்ஷும் நான்காம் நாள் இன்னொன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்துவிட்டன. கிட் பொய் சொல்கிறதா? நைட்ரேட்தான் கொன்றதா? நைட்ரேட்டைக் குறைக்க மருந்து வாங்கலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்ய வேண்டும்? செத்த மீன்களுக்குப் பதில் புதிது வாங்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். மூத்த மகள் பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு இருப்பதால் எனக்கு நேரமும் கிடைப்பதில்லை. சுலபமான வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பண்ணைக் குளங்களுக்கும் வீட்டுத் தொட்டிகளுக்கும் தண்ணீர் பார்த்துச் சொல்வது என் வேலை. வருகிற கேள்விகளில் பாதிக்குத் தொட்டியை நேரில் பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும். உங்களுடையது அப்படி இல்லை. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மொத்தத் தண்ணீரையும் மாற்றிய அன்று சாயங்காலமே கிட் 40 காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். நைட்ரேட் என்பது மீன் கழிவிலுள்ள நைட்ரஜன் கடைசியில் மாறி நிற்கிற வடிவம். சில மணி நேரத்தில் ஒன்பது மீன்கள் அவ்வளவு நைட்ரேட்டை உண்டாக்கவே முடியாது. அந்த 40 நீங்கள் நிரப்பிய போர் தண்ணீரிலேயே இருந்தது. கிட் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் கணிப்பு. இன்றைக்கே ஒரு பக்கெட் போர் தண்ணீர் பிடித்து, தொட்டிக்குச் செய்த அதே சோதனையை அதற்கும் செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு முன் சோதனை செய்யும் முறையைச் சரிபார்த்துவிடுவோம். நைட்ரேட் கிட்டில்தான் பிழை அதிகம் வரும். சொட்டு மருந்து கிட் என்றால் பெரும்பாலும் இரண்டு பாட்டில் இருக்கும். இரண்டாவது பாட்டிலில் மிக நுண்ணிய உலோகப் பொடி கலந்திருக்கும். கண்ணாடிக் குழாயில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது அந்தப் பொடிதான். அதற்குப் பிறகுதான் நிறம் வரும். பாட்டிலைச் சில நாள் வைத்திருந்தால் பொடி அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். மேலோட்டமாக இரண்டு குலுக்குக் குலுக்கிச் சொட்டு விட்டால் வெறும் திரவம்தான் விழும். நிறமும் வெளிறி வரும், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். பாட்டிலின் அடியை மேஜையில் நாலு தட்டு தட்டி, அரை நிமிஷம் கை வலிக்கிற அளவுக்குக் குலுக்க வேண்டும். சொட்டு விட்டபின் குழாயையும் ஒரு நிமிஷம் குலுக்கி, அட்டையில் போட்டிருக்கிற நேரம் வரை காத்திருக்க வேண்டும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாளைப் பின்னால் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் 40க்கும் 80க்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் சிவப்புதான். சந்தேகம் வந்தால் தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கு என்று கலந்து சோதித்து, வந்த எண்ணை நாலால் பெருக்குங்கள். ஆர்.ஓ. தண்ணீரையும் தனியாக ஒருமுறை சோதித்து, அதில் நைட்ரேட் அநேகமாக இல்லை என்று தெரிந்துகொண்டபின் கலக்குங்கள்.

கிட்டின் அட்டையில் எண் எதைக் குறிக்கிறது என்றும் பாருங்கள். சில கிட்கள் முழு நைட்ரேட்டைச் சொல்லும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும். இரண்டுக்கும் 4.4 மடங்கு வித்தியாசம். நைட்ரஜன் கணக்கில் 10 என்றால் நைட்ரேட் கணக்கில் 44. வீட்டுத் தொட்டிக்கு விற்கிற கிட்களில் பெரும்பாலானவை முழு நைட்ரேட்டைத்தான் சொல்கின்றன. உங்களுடையதும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

வேலூர் போர் தண்ணீரில் நைட்ரேட் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தின் பெரும்பகுதி பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. பாலாற்றங்கரை மணலை விட்டுவிட்டால், போர் போடும்போது தண்ணீர் கிடைப்பது பாறை இடுக்குகளில்தான். மேலே ஊறுகிற தண்ணீர் அந்த இடுக்குகள் வழியாக வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். செப்டிக் டேங்க், மாட்டுத் தொழுவம், குப்பை, வயலில் போடுகிற யூரியா எல்லாவற்றின் நைட்ரஜனும் மண்ணில் கடைசியாக நைட்ரேட்டாகிறது. அது தண்ணீரில் முழுசாகக் கரையும், மண்ணில் ஒட்டாது. நெருக்கமாக வீடு கட்டி, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் போரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நகர்களில் இது சகஜம். பாலாறு என்றதும் தோல் தொழிற்சாலைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் நிலத்தடி நீரை உப்பாக்கியது அதுதான். சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கு, 1996இல் தீர்ப்பும் வந்தது. ஆனால் உங்கள் வீட்டு போரில் உள்ள நைட்ரேட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவின் செப்டிக் டேங்க்குகளே போதும்.

இங்கே மீனை விட்டுவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 50 என்கிறது. உங்கள் போர் தண்ணீர் அந்த எல்லையில் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் கலந்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற சக்தியை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால் மாவு குடித்த குழந்தைகளுக்கு இது வந்ததை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு மருத்துவர் 1945இல் எழுதினார். அதன் பிறகுதான் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வரம்பு வைக்கும் பேச்சே வந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையென்றால் பயமில்லை. பால் மாவு கரைக்கவோ, பாட்டிலில் வெந்நீர் கொடுக்கவோ போர் தண்ணீரைத் தொடாதீர்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். மீன் கிட்டை நம்பிக் குடிநீரை முடிவு செய்யவும் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர் பரிசோதனைக் கூடம் உண்டு. சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். நைட்ரேட், டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் குழந்தைக்கும் உதவும், தொட்டிக்கும் உதவும்.

இப்போது தொட்டி. உங்கள் மீன்களை நைட்ரேட் கொல்லவில்லை. பல மாதமாக 80லேயே இருந்த மீன்கள் 40 ஆகக் குறைந்த பிறகு செத்திருக்கின்றன. இதிலிருந்தே தெரிகிறது, கொன்றது வேறு. மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை விடுகிறது. ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கடும் விஷம், நைட்ரேட் மெல்லிய விஷம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். ஸ்பான்ஞ்சிலும் மணலிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை அவை. அந்த வழவழப்பைத்தான் நீங்கள் பளிச்சென்று கழுவிவிட்டீர்கள், அதுவும் குளோரின் கலந்த கார்ப்பரேஷன் தண்ணீரில். சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரட்டிக்கும். இவை இரட்டிக்கப் பல மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அதனால்தான் புதுத் தொட்டி பழக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. உங்கள் தொட்டி ஒரே நாளில் மறுபடி புதுத் தொட்டியாகிவிட்டது. ஆனால் மீன்களும் தீனியும் பழைய அளவிலேயே இருந்தன. இரண்டு மூன்று நாளில் அம்மோனியா ஏறி, செவுள் வெந்து, மேலே வந்து வாயைப் பிளந்து செத்திருக்கின்றன.

நம் தண்ணீரில் இது இன்னும் மோசம். அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்றுதான் கொடியது. பி.எச் (தண்ணீரின் அமில, கார நிலையைச் சொல்லும் எண்) ஏற ஏற, சூடு ஏற ஏற, அந்தக் கொடிய பங்கு கூடும். 30 டிகிரி சூட்டில் பி.எச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு 1 பங்குகூட அப்படி இருக்காது. பி.எச் 8 என்றால் ஏழரை பங்கு. 8.5 என்றால் இருபது. கிட் காட்டுகிற எண் மூன்றிலும் ஒன்றேதான். கிணற்றிலிருந்து வருகிற கடினத் தண்ணீர் பக்கெட்டில் ஒரு நாள் இருந்தால் கரியமில வாயு வெளியேறி பி.எச் ஏறும், 8ஐ எளிதில் தொடும். ஆகவே மென்தண்ணீர் ஊர்க்காரர்கள் "அம்மோனியா 1 வரைக்கும் பரவாயில்லை" என்று சொல்வதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் அம்மோனியா பூஜ்யம் என்பதுதான் இலக்கு. கால் என்று காட்டினாலே கவனிக்க வேண்டும்.

அதனால் இப்போது முதலில் வாங்க வேண்டியது அம்மோனியா கிட்டும் நைட்ரைட் கிட்டும். நைட்ரேட் கிட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்ததால்தான் மெதுவான எதிரி தெரிந்தான், வேகமான எதிரி தெரியவில்லை. நைட்ரைட் இருக்கிற நாட்களில் நைட்ரேட் எண்ணும் தவறாக ஏறித் தெரியும், ஏனென்றால் அந்தக் கிட் கடைசியில் அளப்பதே நைட்ரைட்டைத்தான். ஆக, கழுவிய அன்றே வந்த 40ஐத் தவிர, அதற்குப் பிறகு வந்த இந்த மாதத்து நைட்ரேட் எண்களை ரொம்ப நம்ப வேண்டாம்.

மீதி இருக்கிற மூன்று கோல்டு ஃபிஷ்ஷையும் மோலிகளையும் காப்பாற்ற இரண்டு வாரம் மெனக்கெட வேண்டும். தீனியை மூன்றில் ஒன்றாகக் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாள் போடாமலே விடலாம், கோல்டு ஃபிஷ் பட்டினியால் சாகாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டில் எது அரைக்கு மேல் போனாலும் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அந்த நேரத்தில் போர் தண்ணீரில் நைட்ரேட் 40 இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அம்மோனியாவை வெளியேற்றுவதுதான் அவசரம். நைட்ரைட் தெரிந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டுக்கு வழி விடாமல் தடுக்கும். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் செய்வதும், முன்னால் குழந்தையைப் பற்றிச் சொன்னேனே, அதே வேலைதான். செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும். ஏர் பம்பை இரவும் பகலும் ஓட விடுங்கள். கரண்ட் போகிற வீடென்றால் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது நல்ல செலவு. ஃபில்டருக்குள் காற்று நின்று நாழியானால் புதிதாக வளர்கிற பாக்டீரியாவும் மூச்சுத் திணறிப் போய்விடும்.

இனி ஸ்பான்ஞ்சைக் கழுவுகிற நாளில், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அதைப் பிழியுங்கள். பழுப்புத் தண்ணீர் போனால் போதும். வெள்ளையாக வேண்டாம். மணலையும் ஸ்பான்ஞ்சையும் ஒரே நாளில் தொடக்கூடாது.

அடுத்தது, 80 ஏன் குறையவே இல்லை என்பது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, மகனை நோட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் தொட்டியில் எவ்வளவு நைட்ரேட் ஏறுகிறதோ அதை, மாற்றுகிற பங்கால் வகுத்து, ஊற்றுகிற தண்ணீரின் நைட்ரேட்டோடு கூட்டினால், தொட்டி கடைசியாக எந்த எண்ணில் போய் நிற்கும் என்று வந்துவிடும். வாரம் 10 ஏறுகிறது, கால் பங்கு மாற்றுகிறீர்கள். பத்தைக் காலால் வகுத்தால் 40. அதோடு போர் தண்ணீரின் 40 சேர்ந்து 80. உங்கள் கிட் காட்டிய எண் அதுதான். எத்தனை வருஷம் மாற்றினாலும் இந்த வழியில் 80க்குக் கீழே இறங்காது. பாதி மாற்றினாலும் 60. முழுசாக மாற்றினால், நீங்கள் பார்த்ததுபோல, அன்றைக்கு 40. ஊற்றுகிற தண்ணீரைவிடத் தொட்டித் தண்ணீர் நல்லதாக முடியாது.

வாரம் 10 என்பதும் எங்கிருந்தோ வந்ததல்ல. உங்கள் தொட்டி கணக்குப்படி 127 லிட்டர் பிடிக்கும். மணலும் மேல் இடைவெளியும் போக 100 லிட்டர் என்று வையுங்கள். கடைத் தீனியில் புரதம் நூற்றுக்கு 35 பங்கு என்றால், ஒரு கிராம் தீனியில் 56 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அது முழுக்க நைட்ரேட்டானால் 100 லிட்டரில் இரண்டரை பிபிஎம், அதாவது லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம், ஏறும். மீன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொண்டது போக ஒன்றரை என்று வைத்தால், தினம் ஒரு கிராம் தீனிக்கு வாரம் பத்து. மீன் தின்னாமல் அடியில் தங்கிய தீனி என்றால் இரண்டரையும் முழுசாக வந்துவிடும். சிட்டிகைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். தீனி டப்பாவை ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள், அடுத்த ஞாயிறு மறுபடி நிறுங்கள். வித்தியாசம்தான் வாரத்துத் தீனி. மகன் போடுவது, நீங்கள் போடுவது, விருந்தாளி போடுவது எல்லாம் அதில் தெரிந்துவிடும். நைட்ரேட்டைக் குறைக்க இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது.

ஊற்றுகிற தண்ணீரை மாற்ற என்ன செய்வது? உங்கள் வீட்டில் கார்ப்பரேஷன் குழாய் இருக்கிறது. வேலூருக்கு மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது, பாலாறு, பொன்னையாற்றுத் தண்ணீரும் கலந்து வருகிற பகுதிகள் உண்டு. உங்கள் குழாயில் வருவது எதுவானாலும் கிட்டைப் போட்டுப் பாருங்கள். போரைவிடக் குறைவாக இருந்தால் அதையே தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் இருக்கும் என்பதால் வாய் அகன்ற டிரம்மில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்ப் குழாயைப் போட்டு விட வேண்டும். அவசரமென்றால் கடையில் விற்கிற ஆன்டி குளோரின் சொட்டை பாட்டிலில் சொன்ன அளவுக்கு விடுங்கள். உதாரணத்துக்குக் குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் 5 என்று வையுங்கள். வாரம் பாதி மாற்றினால் தொட்டி 25இல் நிற்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கும் மோலிக்கும் 40க்குக் கீழே இருந்தால் நிம்மதி. குஞ்சு பொரித்து வளர்ப்பவர்களும் இறால் வளர்ப்பவர்களும் 20க்குக் கீழே வைப்பது நல்லது.

குழாய்த் தண்ணீர் போதாத வாரங்களில் போரையும் ஆர்.ஓ.வையும் பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுக்க ஆர்.ஓ. வேண்டாம். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே நடக்கிறது, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏழு பங்கு. ஆர்.ஓ. தண்ணீரில் அந்தக் காரம் இல்லை. பி.எச் சரிந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். நம் கடினத் தண்ணீரில் அந்தக் காரம் தாராளமாக இருப்பது, மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த மண் கொடுத்த வசதி. ஆர்.ஓ. மிஷினின் கழிவுக் குழாயில் போகிற தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் மீன் தொட்டிக்கு ஊற்றுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சிக்கன புத்தி நல்லதுதான், ஆனால் மிஷின் பிரித்தெடுத்த நைட்ரேட்டும் உப்பும் அதில்தான் இருக்கின்றன. அதைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைத் தண்ணீர் உங்களுக்கு மிகவும் உதவும். மழைநீர் சேகரிப்பை 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் குழாய் இறக்கினார்கள், உங்கள் வீட்டிலும் இருக்கலாம். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடியைக் கழுவிய பிறகு விழுவதைப் பிடித்து மூடி வைத்தால், போர் தண்ணீரோடு கலக்க அருமையான தண்ணீர்.

கோடையில் இன்னொன்றும் நடக்கும். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுகிறபோது, ஃபேனுக்குக் கீழே இருக்கிற தொட்டியில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 2.8 லிட்டர் ஆவியாகியிருக்கிறது. போனது வெறும் தண்ணீர், உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே இருக்கின்றன. கண்ணாடியின் மேல் விளிம்பில் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் ஒரு வெள்ளைக் கோடு இருக்குமே, அது இப்படித் தங்கிய சுண்ணாம்பு. இறங்கிய அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் ஒவ்வொரு முறையும் 40 பிபிஎம் உள்ளே போகிறது, வெளியே ஒன்றும் வருவதில்லை. ஆவியான தண்ணீரை ஈடுகட்ட ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர் ஊற்றுங்கள். வாராவாரம் மாற்றுவது தனி, இது தனி. வெயில் காலத்தில் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும், 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் என்றால் 32 டிகிரியில் 7.3தான். மேற்கு ஜன்னல் பக்கம் தொட்டி இருந்தால் இப்போதே இடம் மாற்றிவிடுங்கள்.

நைட்ரேட் குறைக்கும் மருந்து வேண்டாம் என்பது என் கருத்து. நைட்ரேட்டைப் பிடித்து வைக்கிற ரெசின் பைகள் வேலை செய்யும், ஆனால் சல்பேட் கலந்த கடினத் தண்ணீரில் அவற்றில் பல நைட்ரேட்டை விட்டுவிட்டு சல்பேட்டைப் பிடித்து சீக்கிரம் நிரம்பிவிடும். அந்தக் காசுக்கு ஒரு மணி பிளான்ட் கொடி நட்டால் போதும். மண்ணைக் கழுவி, வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி, இலை வெளியே நிற்கும்படி டாப் ஃபில்டர் பெட்டியில் வையுங்கள். தொட்டிக்குள்ளேயே விட்டால் கோல்டு ஃபிஷ் வேரைக் கடித்துக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட வேண்டும், புது இலை விட வேண்டும். வளராத செடி நைட்ரேட்டைக் குடிக்காது. அடர்ந்தால் வெட்டி எடுத்துப் போடுங்கள், குடித்த நைட்ரேட் அப்போதுதான் வீட்டை விட்டு வெளியே போகிறது. செடி ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. தண்ணீர் மாற்றுவதோடு சேர்த்து அது உதவி.

சோதனைக்கு உங்களால் நேரம் ஒதுக்க முடியாது என்றால் மகனிடமே விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் என்று சொன்னேன். இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யத்தில் நின்றால் அந்த வேலை முடிந்தது. இரண்டு வாரத்தில் நிற்கவில்லையென்றால் நிற்கும்வரை தொடர வேண்டும். அதற்குப் பிறகு நைட்ரேட் மட்டும், மாதம் ஒருமுறை, எப்போதும் தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால். ஒரு முறை மாற்றுவதற்கு முன்னும் அடுத்த முறை மாற்றிய பின்னும் பார்த்தால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. போரையும் குழாயையும் வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாதம் ஒன்று, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒன்று. மேல் மண்ணில் சேர்ந்த நைட்ரேட்டை மழைதான் கீழே இறக்குகிறது, எனவே மழைக்குப் பின் எண் ஏறினால் ஆச்சரியப்பட வேண்டாம். தேதி, எண், அன்று எவ்வளவு மாற்றினோம் என்று நோட்டில் எழுதட்டும். மீன் சோர்ந்தாலோ, தீனிக்கு வராமல் மூலையில் நின்றாலோ அட்டவணையைப் பார்க்காமல் அன்றே அம்மோனியா பார்க்க வேண்டும்.

புது மீன் இப்போது வேண்டாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்று ஒரு மாதம் போகட்டும். அப்போதும் கோல்டு ஃபிஷ் வாங்காதீர்கள், 100 லிட்டருக்கு மூன்றே நிறைவு, வளர்ந்தால் அதுவே அதிகமாகத் தோன்றும். மகனுக்கு ஆசையென்றால் இரண்டு மோலி சேர்த்துக்கொள்ளலாம். நம் கடினத் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துப்போகும், குட்டியும் போடும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் மென்தண்ணீர் மீன்கள், கடையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தத் தொட்டிக்கு அவை வேண்டாம். வாங்கி வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர் பையில் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக்கியபின் மீனை மட்டும் வலையில் எடுத்து விடச் சொல்லுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. பரிசோதனைக் கூடத்திலிருந்து தாள் வந்ததும், போர், குழாய், தொட்டி மூன்றின் எண்களையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். எந்தத் தண்ணீரை எந்த விகிதத்தில் கலப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.